எர்ணாவூர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரும் ஒரு எஸ்.எஸ்.டி.யும்

பவர் பட்டனை அழுத்திவிட்டு, தெருக்குழாயில் ரெண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால்... அப்போதுதான் விண்டோஸின் வட்டம் சுற்றி முடித்திருக்கும்! எர்ணாவூரில் இருக்கும் அந்த வீட்டில் கம்ப்யூட்டரை ஆன் செய்வது என்றால் இப்படித்தான். பையன் ஒருநாள் செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தான். 4 நிமிடம் 20 வினாடி.

2012-ல் அக்கா பாலிடெக்னிக் சேர்ந்தபோது அப்பா தவணையில் வாங்கிய பெட்டி அது. இரண்டாம் தலைமுறை ஐ3 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். அன்றைக்கு அந்தத் தெருவிலேயே அதுதான் பெரிய சங்கதி. இன்றைக்குத் தம்பி கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்ட் வேலை எல்லாம் இதில்தான் ஓட வேண்டும். "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா" என்று வகுப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். புதுசு என்றால் அப்பாவின் ஒரு மாத வருமானத்துக்கும் மேல். செமஸ்டர் ஃபீஸ் கட்டுகிற மாதத்தில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது.

அப்பா கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர். கம்ப்யூட்டர் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் பையன் நினைத்திருந்தான். ஒருநாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான். ப்ராசஸர் 8 சதவீதம், டிஸ்க் மட்டும் 100 சதவீதம். அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டில கோளாறு இல்லடா. வண்டி கேட்டாண்ட நிக்குது."

எண்ணூர் விரைவுச்சாலையில் போனவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஜீரோ கேட்டுக்குள் நுழைவதற்காக டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற காலம் உண்டு. கப்பலும் தயார், கிரேனும் தயார், எஞ்சினில் குதிரைச் சக்திக்கும் குறைவில்லை. ஆனால் டிரைவர் வண்டிக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கிச் சாப்பிட்டுக்கொண்டு நாள்கணக்கில் காத்திருப்பார். பழைய கம்ப்யூட்டருக்குள்ளும் நடப்பது அதேதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. கேட்க வேகமாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 8.3 மில்லி வினாடி. தேடுகிற இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடி. அதற்கு முன் அந்தக் கை சரியான தடத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி வினாடி. மொத்தம் 13. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுப்பதென்றால் வினாடிக்கு எழுபது எண்பதுதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ பல்லாயிரம் துண்டுகள்! எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற கையும் இல்லை. வெறும் மெமரி சிப்தான். அதே துண்டு 0.1 மில்லி வினாடிக்குள் கைக்கு வந்துவிடும்.

வண்டியை மாற்ற வேண்டாம், கேட்டை மாற்றினால் போதும் என்று முடிவானது. 2025 ஆடி மாதம், டியூஷன் எடுத்துச் சேர்த்த ரெண்டாயிரம் ரூபாயோடு பையன் கிளம்பினான்.

விம்கோ நகரிலிருந்து கடற்கரை நிலையத்துக்குப் புறநகர் ரயில். வழியில் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். சரியாக நூறு வருடம் கழித்து 1956-ல் ஐபிஎம் தன் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு? 50 லட்சம் எழுத்துகள், அதாவது இன்றைக்குச் செல்போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோ அளவு! எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் வந்தது 1987-ல். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகாவும் அவரது குழுவினரும் உருவாக்கியது. அது சாதாரண வீட்டுக்கு விலை கட்டுப்படியாக இன்னும் கால் நூற்றாண்டு ஆனது.

கடற்கரையில் பறக்கும் ரயில் மாறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெரு. மூன்று கடை ஏறி இறங்கினான். முதல் கடையில் 2 டிபி எஸ்.எஸ்.டி. ஆயிரம் ரூபாய்க்கு என்றார்கள். அவ்வளவு மலிவாகக் கிடைத்தால் ஓடிவிட வேண்டும். உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்துவிட்டு, 2 டிபி என்று பொய் சொல்லும்படி செய்த சரக்கு அது. முதல் சில ஜிபி வரை ஒழுங்காக எழுதும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் போன இடம் தெரியாது.

மூன்றாவது கடையில் பையன் மதர்போர்டு விவரம் சொன்னான். "எச்61 போர்டா தம்பி? அதுல சாட்டா ரெண்டுதான் இருக்கும். இது சாட்டா மூணு. பாதி வேகம்தான் வரும்" என்றார் கடைக்காரர். உண்மைதான். 550 எம்பி ஓட வேண்டியது 280-ஐத் தாண்டாது. ஆனால் அது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போது மட்டும். சின்னத் துண்டுகளுக்கு அந்தக் கூரையே தட்டாது. "பரவாயில்லண்ணா, குடுங்க" என்றான். 240 ஜிபி. சீரியல் நம்பர் எழுதிய பில், மூன்று வருட வாரண்டி. "பழைய டிஸ்க்குல இருக்கறத அப்டியே க்ளோன் பண்ணிக்கலாம், ஒரு மணி நேர வேலை" என்று அனுப்பி வைத்தார்.

ஒரு மணி நேர வேலையா? அங்கேதான் கதை திரும்பியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தான். க்ளோன் செய்வதற்கு முன் யாரும் செய்ய வேண்டிய வேலை இது. நீல நிறத்தில் 'குட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள். சி5 என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே ஒரு எண். படிக்க முடியாமல் தத்தளிக்கும் இடங்களின் எண்ணிக்கை அது. டிஸ்க் மெதுவாக இருந்ததோடு மட்டும் இல்லை, செத்துக்கொண்டும் இருந்தது.

பின்னால் நின்ற அக்கா கேட்டாள்: "ஆயா போட்டோ எல்லாம் அதுலதானடா இருக்கு?"

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூரில் புகுந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்து வந்த வெள்ளம். சுவரில் அந்தக் கறுப்புக்கோடு பல மாதம் போகவில்லை. அன்றிரவு கம்ப்யூட்டரைத் தூக்கி மேலே பரணில் வைத்தார்கள். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கல்யாண ஆல்பம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தண்ணீர் வடிந்தபின் எடுத்தபோது படங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எண்ணெய் ஊறிக் கருத்திருந்தன. ஆயா இறந்து அப்போது மூன்று வருடம். பாலிடெக்னிக் படிக்கும்போது அக்கா விளையாட்டாக ஸ்கேன் செய்து வைத்த 212 படங்கள்தான் மிச்சம். அதற்கு வேறு காப்பி கிடையாது.

இந்த நிலையில் க்ளோன் சாஃப்ட்வேரைத் தட்டிவிட்டிருந்தால் என்ன ஆகும்? கெட்ட இடம் வந்ததும் முட்டி மோதி அங்கேயே நிற்கும். திரும்பத் திரும்ப அதே இடத்தைப் படிக்க முயன்று, சாகிற டிஸ்க்கை இன்னும் சீக்கிரம் சாகடிக்கும். அதனால் பையன் முதலில் கம்ப்யூட்டரை அணைத்தான். நண்பனிடம் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்றை இரண்டு நாளைக்கு இரவல் வாங்கினான். லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய்து, டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை நிறுவினான்.

இந்தக் கருவியின் குணம் நம்ம ஊர் மீனவர்கள் வெள்ளத்தில் ஆள் மீட்டது மாதிரி. எளிதாகக் கை எட்டுகிறவர்களை முதலில் படகில் ஏற்றிவிடும். சிக்கலான இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில் திரும்பி வரும். எதுவரை எடுத்தோம் என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே போகும். ஒரே ஒரு ஆபத்து: எந்த டிஸ்க்கிலிருந்து எதற்கு என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் காலி டிஸ்க்கை எடுத்து ஆயா படங்களின் மேல் எழுதிவிடும்! பையன் டிஸ்க்கின் கொள்ளளவையும் சீரியல் நம்பரையும் தாளில் எழுதி, அக்காவை உரக்கப் படிக்கச் சொல்லி, மூன்று முறை சரிபார்த்த பிறகுதான் என்டர் தட்டினான்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி டேபிள் ஃபேனை டிஸ்க்குக்கு நேராகத் திருப்பி வைத்தார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போனது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் வந்ததும் மேப் ஃபைலைக் காட்டி ஓடவிட்டான், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. டிஸ்க் நடுநடுவே 'டிக்... டிக்...' என்றது. ஒவ்வொரு 'டிக்'குக்கும் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மொத்தம் 19 மணி நேரம்.

212-ல் 209 முழுசாக வந்தன. ஒன்று திறக்கவே இல்லை. இரண்டில் மேல்பாதி மட்டும். ஆயா தாலிக்கயிற்றைப் பார்த்துச் சிரிக்கிற படம் அதில் ஒன்று. முகம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே சாம்பல் நிறம்.

எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துகிற வேலை அதற்குப் பிறகு கால் மணி நேரம்தான். அதையும் சொல்லிவிடலாம், யாருக்காவது உதவும்.

1. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சக் கரண்ட் வடிந்துவிடும். பெட்டியின் இரும்பைத் தொட்ட பிறகே உள்ளே கை வையுங்கள்.

2. கடலோர வீடு என்றால் உள்ளே தூசி வெறும் தூசியாக இருக்காது. உப்புக்காற்று ஈரத்தோடு சேர்ந்து பிசினாகப் படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், ஈரத்துணி வேண்டாம். துருப்பிடித்த ஸ்குரூவை அவசரப்பட்டுத் திருகினால் தலை போய்விடும்.

3. பழைய சாட்டா கேபிள் தளர்ந்திருந்தால் புதுசு போடுங்கள். இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. பழைய பெட்டியில் சரியாக உட்காராது. ஒரு பிராக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே அசைகிற பாகம் எதுவும் இல்லாததால் டபுள் டேப்பில் ஒட்டினாலும் குற்றமில்லை.

4. விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸில் ஏ.எச்.சி.ஐ. மோடு இருக்கிறதா பாருங்கள். தேதி பின்னால் போய் நின்றால் மதர்போர்டின் வட்ட பேட்டரியை மாற்றுங்கள். தேதி தப்பானால் பாதி வெப்சைட் திறக்காது.

பவர் பட்டனை அழுத்தினான். 24 வினாடி! டீ போடப் போன அம்மா, "இன்னாடா, அதுக்குள்ளயா?" என்று திரும்பி வந்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மீசையைத் தடவிக்கொண்டு, "கேட்டு தொறந்துட்டாங்க போல" என்றார்.

ஆனால் இதில் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. எஸ்.எஸ்.டி. வேகமானது, அதற்காக அது பத்திரமான பெட்டகம் இல்லை. ஹார்ட் டிஸ்க் சாகும்போது பல சமயம் முனகி, இழுத்து, எச்சரிக்கை கொடுத்துவிட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் நேற்று வரை நன்றாக இருந்துவிட்டு இன்று காலை இருக்காது. அதில் தப்பாக அழித்ததை மீட்பதும் கஷ்டம். டிரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தைச் சீக்கிரமே சுத்தமாகத் துடைத்துவிடும். கரண்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் அலமாரியில் பூட்டி வைக்கவும் அது ஏற்றதல்ல. நாளானால் சிப்பில் இருக்கும் மின்னேற்றம் கசியும்.

அதனால் அந்த 211 படங்களும் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று ஆன்லைன் சேமிப்பில், ஒன்று பென் டிரைவில். அந்தப் பென் டிரைவ் எர்ணாவூரில் இல்லை. ராயபுரத்தில் அத்தை வீட்டு இரண்டாவது மாடியில் இருக்கிறது. தண்ணீர் ஏறாத உயரம்.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்தியது. இரண்டாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. படங்களை மீட்டுக் கொடுத்த அதே லினக்ஸ் மின்ட்தான் இப்போது அந்தப் பெட்டியில் ஓடுகிறது. பையனின் ப்ராஜெக்ட் அதில்தான் நடக்கிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் காயலான் கடைக்குப் போட அக்கா விடவில்லை. திறக்காத அந்த ஒரு படம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது என்கிறாள். துணியில் சுற்றி, பீரோவில் வைத்திருக்கிறாள். இந்த முறை மேல்தட்டில்.