அவர் எந்தத் திணை?



இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்ப்பள்ளியில் இலக்கணம் கற்பித்து வருகிறேன். மக்கள் உயர்திணை, மற்றவை அஃறிணை. இதைவிட எளிய பாடம் வேறில்லை என்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் திணைப் பாடத்தை மீள்பார்வை செய்துகொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "டீச்சர், சந்தையில பூ விக்குதே, அது எந்தத் திணை?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பள்ளிக்கு அருகிலுள்ள காலைச் சந்தையில் பூக்கட்டி விற்கும் திருநங்கை ஒருவரைத்தான் அவன் குறிப்பிட்டான். "பாடத்தைக் கவனி" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு சிறுமி தலைகுனிந்து அமர்ந்திருந்தாள். பெற்றோரை இழந்த அவளை வளர்ப்பவரே அந்தப் பூக்காரர்.

இதற்கு முன்பே நான் ஒரு தவறு செய்திருந்தேன். தேர்வு முடிவுகளைப் பெற்றோரிடம் வழங்கும் நாளில், பாதுகாவலர் பாரத்தில் இருந்த பெயரை உரக்கப் படித்தேன். அடையாள அட்டையில் உள்ள ஆண் பெயர் அது. உறவுமுறைக் கட்டத்தில் 'சித்தப்பா' என்று எழுதப்பட்டிருந்தது. சேலையுடன் எழுந்து வந்தவரை மண்டபமே திரும்பிப் பார்த்தது. "எங்க அத்தை, டீச்சர்" என்றாள் சிறுமி மெல்ல. அவரை எப்படி அழைப்பதென்று தெரியாமல், மதிப்பெண்களைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட்டேன்.

மாணவன் கேட்ட கேள்விக்கு விடை தேடி, அன்று மாலை தொல்காப்பியத்தைப் புரட்டினேன். சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே விடை இருந்தது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் சொற்களுக்குத் தமக்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணைக்குரிய ஈறுகளையே அவை கொள்ளும் என்கிறார் தொல்காப்பியர். பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான். வேண்டிய நேரத்தில் வாய் திறக்கவில்லை.

இலக்கணம் உயர்திணையில் வைத்தவர்களைச் சட்டம் எங்கே வைத்தது என்று அறிய விரும்பித் தேடிப் படித்தேன். 1871இல் ஆங்கிலேயர் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் ஒரு பகுதி, ஐயத்திற்கு உள்ளான திருநங்கையரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் பதிவேட்டில் எழுதச் சொன்னது. அப்படிப் பதிவு செய்யப்பட்டவர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினால் ஈராண்டு வரை சிறை. அவர் உயில் எழுத இயலாது. மகனைத் தத்தெடுக்க இயலாது. சிறுவர்க்குப் பாதுகாவலராகவும் இருக்க இயலாது.

இதைப் படித்தபோது, என் கையில் இருந்த அந்தப் பாதுகாவலர் பாரம்தான் நினைவுக்கு வந்தது. அந்தச் சட்டம் மறைந்துவிட்டது. ஆனால், ஒரு குழந்தையை வளர்ப்பவர் தாம் யாரென்று சபையில் சொல்லக் கூசும் நிலை மறைந்துவிட்டதா?

விடுதலைக்குப் பிறகும் பாதை நேராக அமையவில்லை. தமிழ்நாட்டில் 2008இல் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. இழிசொற்களுக்கு மாற்றாகத் 'திருநங்கை' என்னும் சொல் அரசு வழக்கிலும் ஊடகங்களிலும் நிலைபெற்றது. 2014 ஏப்ரல் 15ஆம் நாள், தம் பாலினத்தைத் தாமே கூறும் உரிமை அவர்களுக்கு உண்டென்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால், 2019இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற வேண்டும் என்றது. அதைத் திருநங்கையர் பலர் எதிர்த்தனர்.

நம் நாட்டின் கதையும் அத்தகையதே. 2005இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் ஒருவரின் அடையாள அட்டையில் பாலினத்தைத் திருத்த ஆணையிட்டது. பின்னர் வந்த வழக்குகளின் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. ஆண்கள் பெண்ணுடை அணிவதைக் குற்றமாக்கிய நெகிரி செம்பிலான் மாநிலத்தின் 1992ஆம் ஆண்டு ஷரியா சட்டப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2014 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்த முறை தவறு என்று 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. அந்தப் பிரிவு ஆங்கிலேயர் விட்டுச்சென்றது அன்று. விடுதலைக்குப் பின் எழுதப்பட்டது. எல்லாப் பழியையும் வெள்ளையர்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

நீதிமன்றங்களின் வேலையை ஆசிரியர்கள் செய்ய இயலாது. அடையாள அட்டையை நான் திருத்த முடியாது. ஆயினும் 'அது' என்பதை 'அவர்' என்று திருத்தலாம். அதற்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.

மறுவாரம் அதே பாடத்தை மீண்டும் எடுத்தேன். பெயர் எதையும் குறிப்பிடாமல், "சென்ற வாரம் கேட்ட கேள்விக்கு விடை: உயர்திணை. 'அவர் பூ விற்கிறார்' என்று எழுதுங்கள். அன்றே சொல்லாதது என் பிழை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கேள்வி கேட்டவனும் எழுதினான். மூன்றாம் வரிசைச் சிறுமி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாள்.

ஆண்டிறுதியில் தேர்வு முடிவு வழங்கும் நாள் மீண்டும் வந்தது. இம்முறை பாரத்தைப் பார்த்துப் பெயர் படிக்கவில்லை. மாணவியின் பெயரைச் சொல்லி, "அத்தை வந்திருக்கிறாரா? வாங்க, உட்காருங்க" என்றேன். அவர் வந்து அமர்ந்தார். கணிதத்தில் பிள்ளை ஏன் பின்தங்கியிருக்கிறாள் என்பதைப் பற்றி இருவரும் நெடுநேரம் பேசினோம். எல்லாப் பெற்றோரிடமும் பேசுவதைப் போலவே.

உங்கள் வகுப்பில் இந்தக் கேள்வி எழுந்தால் தயங்காமல் விடை சொல்லுங்கள். வீட்டில் எழுந்தால், பெற்றோர்களே, நீங்களும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை