பழைய வண்டிக்கு ஒரு பரீட்சை

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம்ம டிப்பார்ட்மெண்டில் நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். சினிமா, கிரிக்கெட், அரியர்ஸ், அப்புறம் வண்டி! அதிலும் உயரமான மட்கார்டு, பட்டன் டயர், மேலே தூக்கிவிட்ட சைலன்சர் என்று ஒரு 'ட்ரயல்ஸ்' ரக வண்டி ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டால் போதும், பெல் அடித்தாலும் யாரும் கிளாஸுக்குப் போக மாட்டோம். அப்படி ஒரு வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று ஓசூர், அத்திப்பள்ளி, சந்தாபுரா, கிருஷ்ணகிரி என்று நான்கு மாதம் அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். ட்ரயல் என்றால் சோதனை. மோட்டார் சைக்கிள் புதிதாக வந்த காலத்தில் மக்களுக்கு இருந்த சந்தேகம் ஒன்றுதான். "இது வழியில் நிற்காமல் போய்ச் சேருமா?" அதற்குப் பதில் சொல்லத்தான் பிரிட்டனில் மலைப்பாதையிலும் சேற்றிலும் நாள் கணக்கில் வண்டியை ஓட்டிக் காட்டும் போட்டிகள் வைத்தார்கள். ஸ்காட்லாந்தில் 1909-ல் தொடங்கிய போட்டி பிறகு ஆறு நாள் ட்ரயல் என்று பெயர் பெற்றது. இதில் வேகத்துக்குப் பரிசு கிடையாது. பாறை மேலும் ஓடைக்குள்ளும் காலைத் தரையில் ஊன்றாமல் போக வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி. வண்டி நின்றே போய்விட்டால் 5 புள்ளி. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவரே வெற்றியாளர். நம்ம இண்டர்னல் மார்க்குக்கு நேர் எதிர்!

நமக்குத் தெரிந்த புல்லட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் வென்ற பிரிட்டிஷ் அணியில் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் ஓடியது. 1955-ல் சென்னையில் அந்தக் கம்பெனி வந்தது. அந்தப் பழைய பெருமையை நினைவுபடுத்தித்தான் 2019-ல் 'புல்லட் ட்ரயல்ஸ்' என்று 350, 500 சி.சி.யில் இரண்டு வண்டிகளை விட்டார்கள். அடுத்த வருடமே, 2020-ல், அவை நின்றுவிட்டன. பழையது கிடைத்தாலும் லட்சத்துக்கு மேல் சொல்கிறார்கள். எடையோ 180 கிலோவுக்கும் மேல்! ஆனால் போட்டிக்கென்றே செய்யும் இன்றைய ட்ரயல்ஸ் வண்டிகள் 70 கிலோ அளவுதான், உட்கார ஒழுங்கான சீட்டுகூடக் கிடையாது. 1965-ல் சாமி மில்லர் என்ற வீரர் புல்டாகோ என்ற லேசான ஸ்பெயின் நாட்டு டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஸ்காட்லாந்துப் போட்டியை ஜெயித்த பிறகு, கனமான வண்டிகளின் காலம் அங்கே முடிந்துபோனது. மேட்டில் கை கொடுப்பது சி.சி. மட்டும் அல்ல, எடையும்தான் என்று அதிலிருந்து புரிந்துகொண்டேன்.

"உனக்கு எதற்குடா இந்த வண்டி?" என்று கேட்பீர்கள். ஸ்டைலுக்கு இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் ஸ்டைலுக்கு மட்டும் இல்லை. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் ரோட்டில் இறங்கி, 4 கிலோமீட்டர் மண் ரோடு போனால் எங்கள் ஊர். மழை பெய்தால் அந்த ரோடு ஓடை ஆகிவிடும். சிப்காட்டில் ஆறு மாத ட்ரெயினிங் கிடைத்தது. காலை 6 மணி ஷிப்டுக்கு முதல் பஸ் எட்டாது. இரவு 10 மணிக்கு முடியும் ஷிப்டுக்கு பஸ்ஸே இல்லை. போக 36, வர 36 கிலோமீட்டர். ஐப்பசி, கார்த்திகையில் ராகி முற்றும் நேரம் பன்னேர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரி வழியாக யானைகள் இறங்கும். அந்த ரோட்டில் ராத்திரி வண்டி நின்றால் அது சின்ன விஷயம் இல்லை நண்பர்களே!

பணம்? கறவை மாடு ஒன்றை விற்று 42,000 ரூபாய் வைத்திருந்தார் அப்பா. அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கண்ணு, மாடு பால் கொடுத்துச்சு. வண்டி பெட்ரோல் குடிக்கும். பாத்து வாங்கு சாமி." எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஆர்.சி. புத்தகத்தைப் படிப்பதில் இருந்து விலை பேசுவது வரை என் தலையில்தான் விழுந்தது.

மூன்று வண்டிகள் கண்ணில் நின்றன.

முதலாவது, ஹீரோ இம்பல்ஸ். 2011-ல் வந்த 150 சி.சி. வண்டி. இது போட்டி வண்டி இல்லை. ஆனாலும் நாம் கேட்கும் விலையில் அந்த ரகத்துக்குப் பக்கத்தில் வருவது இதுதான். தரைக்கும் எஞ்சினுக்கும் இடையே 245 மில்லிமீட்டர் இடைவெளி, நீளமான ஷாக் அப்சார்பர், முன் சக்கரம் 19 அங்குலம். எங்கள் மண் ரோட்டுக்கென்றே செய்த மாதிரி! ஆனால் 2017-ல் உற்பத்தி நின்றுவிட்டது. எஞ்சின் சாமான்கள் அதே குடும்பத்து 150 சி.சி. வண்டிகளோடு பெரும்பாலும் ஒத்துப்போகும் என்பதால் பயமில்லை. முன் ஃபோர்க், பிளாஸ்டிக் பாகங்கள், டேங்க் பக்கத்து மூடி என்றால் தேடித்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100. சிரிக்காதீர்கள்! 1980-ல் நம்ம ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 புறப்பட்ட நாள் முதல் தக்காளிப் பெட்டியும் பால் கேனும் பூக்கூடையும் எந்த வண்டியில் போகின்றன? 90 கிலோவுக்குள் எடை, கியர் இல்லை, எந்தக் கிராமத்திலும் ரிப்பேர் பார்க்க ஆள் உண்டு.

மூன்றாவது, டி.வி.எஸ். ஸ்டார் சிட்டி பிளஸ், 110 சி.சி., 2017-ல் பதிவானது, டி.என். 70. பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லை. நம்ம ஸ்டாண்டில் நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இம்பல்ஸ் இருந்தது சந்தாபுரா பக்கம், கே.ஏ. 51 பதிவு, 2013 மாடல். 48,000 சொல்லி 43,000-க்கு இறங்கினார்கள். விற்றவர் "தும்பா சென்னாகிதெ" என்று பத்துத் தடவை சொன்னார். என்னோடு வந்த மெக்கானிக் அண்ணன் ஒன்றும் பேசாமல் சைலன்சரைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது! நாங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தார்கள். ஆறிப்போன எஞ்சின்தான் உண்மையைப் பேசும். சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். ஒரு மணி நேரம் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வந்து உதைத்தோம். பின்னால் லேசாக நீலப் புகை வந்தது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம்.

பிறகு அண்ணன் எனக்கு ஒரு பிராக்டிகல் கிளாஸே எடுத்தார். முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு இடத்தில் பிடிக்கிறதா? பிடித்தால் கோன் செட் போய்விட்டது. பின் ஸ்பிராக்கெட்டில் செயினைப் பின்னால் இழுத்தால் பல்லில் பாதிக்கு மேல் தெரிகிறதா? செயின் நீண்டுவிட்டது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் பேரிங்கையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். மேடு பள்ளத்தில் ஓடிய வண்டி என்றால் எஞ்சின் அடிப்பக்கம் குனிந்து பார்க்காமல் வரக்கூடாது. அந்த வண்டியில் கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், செயின் செட், இரண்டு டயர் எல்லாம் மாற்ற வேண்டியிருந்தது. இது வண்டியின் குற்றமில்லை, பத்து வருடத்துக்கு மேல் உழைத்த உழைப்பு. அண்ணன் போட்ட கணக்கு 11,500 ரூபாய்.

அதற்கு மேல் நம்ம எல்லை ஊர் கணக்கு ஒன்று இருக்கிறது. அத்திப்பள்ளி தாண்டினால் வண்டி மலிவு என்று ஓடுகிறோமே, காகிதச் செலவை யாராவது கூட்டுகிறோமா? வேறு மாநில வண்டியைப் 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்துக்கொண்டால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். அந்த ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 28-ஆம் படிவம் கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். இங்கே வந்து 27-ஆம் படிவம் கொடுத்து, நம் மாநில ஆயுள் வரியும் கட்ட வேண்டும். பெயர் மாற்ற 29, 30-ஆம் படிவங்கள். ஃபைனான்ஸ் இருந்தால் அதை முடித்ததற்கு 35. போதாததற்கு 2013-ல் பதிவான வண்டிக்கு 15 வருடம் 2028-ல் முடிகிறது, அப்போது பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்!

கூட்டிப் பார்த்தேன். 43,000, அதோடு 11,500, அதோடு வரி, அலைச்சல். மாட்டுப் பணம் 42,000 எங்கே நிற்கிறது? ஆசை ஒரு பக்கம் இழுத்தது. நாலு நாள் சரியாகத் தூக்கம் இல்லை என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

எக்ஸ்.எல். வண்டி 28,000-க்குக் கிடைத்தது. ஊருக்குள் அதற்கு நிகர் இல்லை. ஆனால் தினம் 72 கிலோமீட்டர், அதில் பாதி லாரிகளுக்கு நடுவே, அதுவும் இருட்டில் என்றபோது மனசு ஒப்பவில்லை.

ஸ்டார் சிட்டிக்காரர் 34,000 சொன்னார். காலையில் ஆறின எஞ்சின், இரண்டாவது உதையில் எடுத்தது, புகை இல்லை. செயின் செட், பிரேக் ஷூ, ஆயில் எல்லாம் சேர்த்து 3,800 செலவு. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: "நம்ம ரோட்ல ஏறட்டும், அப்புறம் காசு." நியாயம்தானே? ஸ்காட்லாந்தில் 1909-ல் கேட்டதும் அதே கேள்விதான்! அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து அந்த 4 கிலோமீட்டரும் ஏற்றினேன். இரண்டு இடத்தில் கால் ஊன்றினேன். 2 புள்ளி. வண்டி நிற்கவில்லை. காசு கொடுத்தோம்.

மீதி 4,200 ரூபாயை அம்மா ஒரு டப்பாவில் போட்டு, "இது வண்டிக்குத் தீவனக் காசு, தொடாதே" என்றார். எனக்குத் தெரிந்தவரை மெயிண்டனன்ஸ் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. வண்டி வாங்கும்போது கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்காதவன் வண்டியை வாங்கவில்லை, கடனை வாங்குகிறான்.

எஞ்சினுக்கும் தரைக்கும் இடைவெளி 172 மில்லிமீட்டர்தான். கல் அடிக்கும். அதனால் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டை வளைத்து, நம்ம வெல்டிங் ஷாப்பில் சார் அனுமதியோடு ஒரு தடுப்பு செய்து எஞ்சின் அடியில் மாட்டினேன். பின் டயர் தேய்ந்ததும் பட்டன் டயர் போட்டேன். ட்ரயல்ஸ் ஓட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புது கிளட்ச் ஒயர் ஒன்றைப் பழைய ஒயர் கூடவே இழுத்துக் கட்டி வைத்துவிடுவார்கள், அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும். அதையும் செய்தேன். மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒரு முறை ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்வது, 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை செயினுக்கு ஆயில், டைரியில் தேதியோடு கணக்கு.

ஆறு மாதத்தில் 9,400 கிலோமீட்டர். பஞ்சர் மூன்று. கார்த்திகை மாதம் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து இரவு 11 மணி, காட்டுக்குள் ஏறும் வளைவில் கிளட்ச் ஒயர் அறுந்தது. கீழே எங்கோ மூங்கில் முறிகிற சத்தம். காற்றா, யானையா என்று நின்று பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு தயாராக இருந்த ஒயரை மாட்டினேன். பத்து நிமிடம். அன்றைக்கு இம்பல்ஸ் இருந்திருந்தால் என்ன, புல்லட் இருந்திருந்தால் என்ன? ஒயர் எந்த வண்டியிலும் அறும். கையில் மாற்று ஒயர் இருக்கிறதா, மாற்றத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

நண்பர்களே, நம்பகம் என்பது ஷோரூமிலோ பெயரிலோ வருவது இல்லை. சாமான் பக்கத்தில் கிடைக்க வேண்டும், நம் கையால் கழற்றி மாட்டத் தெரிய வேண்டும், நின்றால் தள்ளும் அளவு எடை இருக்க வேண்டும், டப்பாவில் தீவனக் காசு இருக்க வேண்டும். இந்த நான்கும் கூடினால் எந்தப் பழைய வண்டியும் நம்பிக்கையான வண்டிதான். உயரமான வண்டி மேல் எனக்கு ஆசை போய்விட்டதா? இல்லை! வேலைக்குப் போய், முதலில் அந்த மாட்டை வீட்டுக்குத் திரும்ப வாங்கிக் கட்டிவிட்டு, அப்புறம் அதையும் பார்க்கலாம். அதுவரை, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் கூப்பிடுங்கள், வருகிறேன். சைலன்சரைத் தொட்டுப் பார்க்க ஒரு கை கூட இருந்தால் நல்லதுதானே!