ஆறிய சோறு

எங்கள் கேட்டரிங் கல்லூரியில் அன்றன்றைக்குச் சமைத்துப் பழகியதுதான் அன்றன்றைய மதியச் சாப்பாடு. ஒருநாள் செட்டிநாட்டுக் கோழி, ஒருநாள் பனீர் மக்கனி, ஒருநாள் வெள்ளை சாஸ் ஊற்றிச் சுட்ட காலிஃபிளவர். உப்பு கூடினாலும் சோறு குழைந்தாலும் அதையேதான் சாப்பிட்டாக வேண்டும். அந்தச் சாப்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது, அதை யார் எப்போது சாப்பிட்டோம் என்பது.

பாத்திரம் கழுவுவதும் மேடை துடைப்பதும் எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை என்று சுவரில் பட்டியலே ஒட்டியிருந்தது. நடந்தது வேறு. ஒன்றரை மணிக்குப் பையன்கள் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். வகுப்பில் இருந்த ஒன்பது பெண்களும் கழுவும் தொட்டிப் பக்கம் நிற்போம். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. வீட்டில் பழகிய கால்கள் தாமாகவே அங்கே போய் நின்றன. நாங்கள் உட்காரும்போது இரண்டரை ஆகிவிடும். குழம்பு ஆடை கட்டியிருக்கும்.

ஆறிய சோறு எனக்குப் புதிதல்ல. வெம்பக்கோட்டை வட்டத்துத் தாயில்பட்டி என் ஊர். சிவகாசியைச் சுற்றியுள்ள பல ஊர்களைப் போல எங்களுக்கும் பிழைப்பு பட்டாசுதான். 'பயர் ஆபீஸ்' என்போம். அம்மா அங்கே திரி வைக்கிறாள். இருட்டோடு எழுந்து சோறு வடித்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வண்டி ஏறுவாள். ஆலைக்குள் தீப்பெட்டி, பீடி, செல்போன் எதுவும் போகக் கூடாது. அடுப்பு மூட்டி எதையும் சுடவைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அந்தக் கட்டுப்பாடு சரிதான். ஒரு பொறி விழுந்தால் போவது உயிர். ஆனால் ஊர் உலகத்துக்கெல்லாம் தீபாவளி வெளிச்சம் செய்து தருகிற பெண்கள், கையில் ஒட்டிய அலுமினியப் பொடியைத் தேய்த்துக் கழுவிவிட்டு, விடியலில் வடித்த சோற்றை நடுப்பகலில் ஆறிப்போய்த்தான் தின்கிறார்கள். ராத்திரியாவது சூடாகச் சாப்பிடலாமே என்றால், அப்பாவுக்கும் தம்பிக்கும் போட்டு முடித்து, கடைசியில்தான் அம்மா சட்டியை வழிப்பாள். ஆலையில் நெருப்புக்குத் தடை இருக்கிறது. வீட்டில் என்ன தடை?

இரண்டாம் வருடம் தந்தூர் அடுப்புப் பாடம் வந்தது. சார் பெண்களை சாலட் மேசைக்கும் பேக்கரிக்கும் பிரித்துவிட்டார். "தந்தூர் அனல் உங்களுக்கு ஒத்துவராதும்மா. முகம் கருத்துப்போகும். நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு இருக்குல்ல?"

"எங்கம்மா வெடிமருந்துப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குது சார். அதுக்கு ஒத்துவர்ற ஊர்ல இருந்துதான் வந்திருக்கேன்" என்றேன்.

வகுப்பு சிரித்தது. சார் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் அடுப்புக்கு விட்டார். முதல் ரொட்டியை ஒட்டும்போது கை ரோமம் பொசுங்கியது. பத்தாவது ரொட்டிக்குள் கை பழகிவிட்டது.

பெண்ணுக்கு நெருப்பு ஆகாது என்று உண்மையில் யாரும் நம்புவதில்லை. கூலியே இல்லாத வீட்டு அடுப்பும் குறைந்த கூலி தரும் மருந்து அறையும் அவளுக்கு ஆகும். பேரும் பணமும் வருகிற அடுப்பில்தான் முகம் கருத்துப்போகிறது. எங்கள் மாவட்டத்தில் பிறந்த காமராசர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அந்தச் சோற்றைப் பொங்குகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெரிய பெரிய அண்டாவை இறக்குகிற அவர்களை நாம் 'ஆயா' என்கிறோம். 'செஃப்' என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பிரெஞ்சுச் சமையலில் அடிப்படையான ஐந்து சாஸ்களுக்கு 'மதர் சாஸ்' என்று பெயர். அதை நடத்தும்போது வகுப்பில் சொல்லித் தந்த பெயரோ எஸ்கோஃபியே என்கிற ஆணுடையது. லியோன் நகரத்தில் 'மேர்', அதாவது 'அம்மா', என்றே அழைக்கப்பட்ட சமையல்காரப் பெண்கள் இருந்தார்கள் என்பதை நானாகத்தான் தேடிப் படித்தேன். அவர்களில் ஒருவரான யூஜெனி பிரேசியே வீட்டு வேலைக்குப் போன ஏழைப் பெண். 1933இல் அவருடைய இரண்டு உணவகங்களும் ஆளுக்கு மூன்று மிஷ்லன் நட்சத்திரங்கள் பெற்றன. அவர் பெயர் எங்கள் நோட்டில் இல்லை.

ஒருநாள் ஒன்பது பேரும் பேசிவைத்து, ஒன்றரை மணிக்கே தட்டெடுத்து உட்கார்ந்தோம். அன்றைக்கு மீன் குழம்பு. ஆவி முகத்தில் அடித்தது. பாத்திரங்கள் தொட்டியில் அப்படியே கிடந்தன. "யார் கழுவுறது?" என்று சார் சத்தம் போட்டார். எழுந்துபோய்ச் சுவரில் இருந்த பட்டியலை வாசித்தோம். அன்றைய முறை ஐந்து பையன்களுடையது. முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்கள். மாதம் போகப்போக முணுமுணுப்பு குறைந்தது. சிலர் நன்றாகவே கழுவினார்கள்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது ராத்திரிச் சாப்பாட்டை நான் சமைத்தேன். நான்கு தட்டையும் ஒரே நேரத்தில் வைத்தேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றினேன். அவள் பிசைந்தாள், கையை உதறினாள், தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா?"

"கொஞ்சம் ஆறட்டும் தாயி. சூடாத் தின்னு பழக்கமில்ல."