சாப்பாடு வேணாம்... ஆட்டோ காசு குடு, அக்கா!

பங்குனி மாதம் மூன்றாம் திருநாளன்று ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் எங்கள் ஜீயபுரத்துக்கு வருவார். பேரனைக் காணாமல் தவித்த ஒரு பாட்டிக்காக, பெருமாளே பேரன் உருவில் வந்து அவள் போட்ட பழைய சோற்றைச் சாப்பிட்டார் என்பது ஊர்க்கதை. அதனாலோ என்னவோ, அடுத்தவருக்குச் சோறு போடுவதென்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அப்படியொரு சந்தோஷம்.

நானும் அந்த ஊர்க்காரிதான். அம்மா இறந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் அவர் நினைவு நாளில், திருச்சியில் உள்ள ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லத்தில் வடை, பாயசத்தோடு மதியச் சாப்பாடு போடுவேன். 6,000 ரூபாய் ஆகும். பரிமாறும்போது ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிடுவேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் தம்பி சொன்னான்: "அக்கா, இந்த வருஷம் சாப்பாடு வேணாம். அந்தக் காசை எங்க சங்கத்துக்குக் குடு. ஆட்டோவுக்கு ஆகும்."

தம்பிக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. இரண்டு கால்களும் நிற்காது. வீட்டு வாசலில் தையல் கடை வைத்திருக்கிறான். சங்கம் என்றால் கட்டடம், போர்டு எதுவும் கிடையாது. பதினோரு பேர், மாதம் 20 ரூபாய் சந்தா, ஒரு நோட்டு. பார்வையில்லாத ஒரு பெரியவர், காது கேளாத ஒரு பெண், அறிவுசார் குறைபாடு உள்ள மகனைத் தனியாக வளர்க்கும் ஒரு அம்மா என்று எல்லாரும் கடை வாசலில் கூடுவார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா பேர்ல போடுற சோத்தை நிறுத்திட்டு ஆட்டோவுக்குக் குடுக்கவா? நீங்கல்லாம் ரோட்டுல உக்காந்து கோஷம் போடுறதுக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "சர்டிபிகேட்டுக்கும் பென்ஷனுக்கும் அம்மா என்னை இடுப்புல தூக்கிட்டுத்தானே அலைஞ்சாங்க? அந்த இடுப்புதான்கா எனக்கு ஆட்டோ. இப்ப அது இல்லையே" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் அந்த வருடமும் சாப்பாடுதான் போட்டேன்.

சில மாதங்கள் கழித்து, திருச்சியில் ஓர் அலுவலகத்தில் மனு கொடுக்கக் கிளம்பினார்கள். துணைக்கு ஆள் இல்லையென்று என்னைக் கூப்பிட்டான். நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கும் கூட வருபவருக்கும் டிக்கெட் கிடையாது, உண்மைதான். ஆனால் அந்தப் படியில் தம்பியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். சக்கர நாற்காலியை ஏற்ற இன்னொருவர். நின்று ஏற்றிக்கொள்ள நடத்துநருக்கு நேரம் வேண்டும். கடைசியில் ஆட்டோதான். காத்திருக்கும் நேரமும் சேர்த்து 700 ரூபாய். தம்பியின் உதவித்தொகை 1,500. அதுவும் 2023 ஜனவரியில்தான் 1,000 ரூபாயிலிருந்து உயர்ந்தது. ஒரு மனுவுக்குப் போய்வந்தால் பாதிப் பணம் காலி.

அங்கேதான் நான் தலைகுனிந்தேன். காது கேளாத அந்தப் பெண்ணின் முறை வந்தது. "என்ன வேணும்?" என்று கேட்டார்கள். அவள் வேகமாகக் கைகளை அசைத்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை அழைத்துவரச் சங்கத்தில் பணம் இல்லை. நான் பாட்டுக்கு, "உதவித்தொகை கேக்குறாங்க போல" என்றேன். அதையே எழுதிக்கொண்டார்கள். அவள் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். ஏன் என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, தெரிந்த ஒருவரை வீடியோ காலில் பிடித்துக் கேட்டான் தம்பி. அவள் கேட்டது உதவித்தொகையே இல்லை. சான்றிதழில் அப்பா பெயர் தவறாக இருக்கிறது, அதைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவளை, நல்லெண்ணத்தோடு வெறும் கையாகத் திருப்பி அனுப்பியவள் நான்தான்.

'எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்' என்பது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் எழுப்பும் முழக்கம். அதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த நினைவு நாளில் 6,000 ரூபாயைத் தம்பி கையில் கொடுத்தேன். வேலையில் இருந்தபோது கணக்குப் பார்த்தவள் என்பதால், நோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பணம் என்ன செய்தது தெரியுமா? எங்கள் பக்கத்தில் ஓர் அலுவலகத்துக்கு நான்கு படிகள். தவழ்ந்துதான் ஏற வேண்டும். பொதுக் கட்டடங்களில் எல்லாரும் போய்வர வசதி செய்ய வேண்டும் என்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி மனு கொடுத்தோம். சாய்தளமும் வந்தது. தம்பி தன் தையல் டேப்பை எடுத்துப்போய் அளந்தான். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. வாசல் உயரம் இரண்டு அடி, ஆக 24 அடி வேண்டும். போட்டிருந்தது ஏழு அடி! சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும்.

மறுபடி மனு, மறுபடி ஆட்டோ, ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பாளருக்கு 500. ஐந்து முறை அலைந்த பிறகு, வளைந்து திரும்பும் சரியான சாய்தளம் வந்தது. இப்போது அதில் தம்பி மட்டுமா போகிறான்? முட்டிவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள், சிலிண்டர் உருட்டுபவர்கூட அதில்தான் போகிறார்கள். அந்தப் பெண்ணின் சான்றிதழும் திருத்தமாகிவிட்டது.

இந்த மாதிரிச் செலவுக்குப் பணம் கேட்டால்தான் யாரும் தருவதில்லை. சக்கர நாற்காலி கேளுங்கள், தருவார்கள். அதில் உட்கார்ந்து உள்ளே போகச் சாய்தளம் கேட்க வேண்டும் என்றால், "அது போராட்டம் ஆச்சே" என்பார்கள். பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. ஆனால், பதிவும் பல வருட அனுபவமும் உள்ள அமைப்புகளுக்கே அது போய்ச் சேரும். 2008-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'டிஸெபிலிட்டி ரைட்ஸ் ஃபண்ட்' போன்ற நிதியங்கள், மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்புகளுக்குப் பணம் தருகின்றன. யாருக்குத் தருவது என்று முடிவெடுக்கும் குழுவிலும் மாற்றுத்திறனாளிகள் உட்காருகிறார்கள். ஆனால், நம் நாட்டில் வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவுக்கு, பொதுவாக மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். வாங்கிய பெரிய அமைப்பு அதை எங்களைப் போன்ற சின்ன சங்கத்துக்குப் பிரித்துத் தரவும் 2020-ல் தடை வந்துவிட்டது. மாதம் 220 ரூபாய் வசூலாகும் சங்கம் எங்கே போகும்?

ஆனால், இத்தனை உரிமைகளும் வந்தது போராட்டத்தால்தான். 1995 டிசம்பரில் ஜாவேத் அபிதி போன்றவர்கள் டெல்லியில் வீதிக்கு வந்த பிறகே முதல் சட்டம் நிறைவேறியது. 2016 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் 21 ஆனது, அரசு வேலையில் 3 சதவிகித ஒதுக்கீடு 4 ஆனது. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான கிராம ஊராட்சிகள். அத்தனை ஊரிலிருந்தும் ஒருவர் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றால், ஆட்டோவும் மொழிபெயர்ப்பாளரும் அங்கேயும் வேண்டும்தானே?

சாப்பாடு போடுவது தப்பென்று சொல்லவில்லை. பசித்தவருக்குச் சோறு போட்டே ஆக வேண்டும். உங்கள் வீட்டில் பிறந்தநாளோ நினைவு நாளோ வரும்போது, பக்கத்தில் இப்படியொரு சின்ன சங்கம் இருந்தால், "உங்களுக்கு என்ன வேணும்?" என்று முதலில் அவர்களையே கேளுங்கள். பதில் ஜெராக்ஸ் செலவாகக்கூட இருக்கலாம். முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

போன மாதம் அம்மாவின் நினைவு நாள். குரூப்பில் போட்டோ எங்கே என்று சித்தி கேட்டார். நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்: ஆட்டோ 700, மொழிபெயர்ப்பாளர் 500, ஜெராக்ஸ் 46, டீ 110.

"டீ யாருக்குடி?" என்று கேட்டார் சித்தி.

"எங்க பதினோரு பேருக்கும்தான் சித்தி. எனக்கு மட்டும் தம்பி தன் கைக்காசுல வாங்கிக் குடுத்தான்" என்று பதில் போட்டேன்.