எந்த மருந்துக்கு இந்த எண்?

அக்யூட் லுகேமியா நோயாளியின் முதல் நாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டி, ‘இவர் தேறுவாரா?’ என்று கேட்கும்போது ஆய்வகத்தில் இருப்பவர்கள் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: என்ன மருந்து கொடுக்கப்போகிறீர்கள்? வெள்ளையணு, தட்டணு எண்ணிக்கைகள் நோயின் குணத்தை மட்டும் காட்டுவதாக நினைக்கிறோம். நோயோடு மருந்து மோதினால் என்ன ஆகும் என்பதற்கான துப்புதான் அவை. மருந்து மாறினால் துப்பின் பொருளும் மாறும். புரோமைலோசைட் வகையான ஏபிஎல் இதற்கு நல்ல சாட்சி. 2000-இல் ஸ்பெயினின் மிகுவெல் சான்ஸும் இத்தாலி, ஸ்பெயின் குழுக்களும் வகுத்த கணக்கில், மைக்ரோலிட்டருக்கு 10,000-க்கு மேல் வெள்ளையணு இருந்தால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். அதற்குள் இருந்து தட்டணுவும் 40,000-ஐத் தாண்டினால் ஆபத்து குறைவு. ஏபிஎல் மருந்தான ஆட்ராவும் கீமோவும் பெற்றவர்களைப் பார்த்துப் போட்ட கோடு அது. வேலூர் சிஎம்சியில் விக்ரம் மேத்யூஸ் குழுவினர் ஆர்சனிக் ட்ரையாக்சைடையே முதன்மை மருந்தாகக் கொடுத்து 72 பேரைப் பற்றி 2006-இல் வெளியிட்டபோது கோடு வேறிடத்தில் விழுந்தது. வெள்ளையணு 5,000-க்குக் கீழும் தட்டணு 20,000-க்கு மேலும் இருந்த 22 பேரில் ஆய்வுக் காலத்தில் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை, ஒருவரும் இறக்கவில்லை.

எந்த மருந்திலும் அதிக வெள்ளையணு கெட்ட சகுனம்தானே, அப்படியானால் அது நோயின் குணம்தானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் எதற்குச் சகுனம் என்பது மாறிவிட்டது. கீமோ காலத்தில் அந்த எண் பேசியது நோய் திரும்புவதைப் பற்றி. ஆட்ராவும் ஆர்சனிக்கும் சேர்ந்த பிறகு திரும்புவது அபூர்வம். இன்று அது எச்சரிப்பது முதல் சில வாரங்களின் மூளை ரத்தக்கசிவையும், செல்கள் முதிரும்போது வரும் மூச்சுத்திணறலையும். ஆகவே வார்டில் தினமும் கண் வைக்க வேண்டியது ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன்மீதும் தட்டணுமீதும். இங்கே மெஷினை அப்படியே நம்பக் கூடாது. உடைந்த லுகேமியா செல் துணுக்குகளையும் தட்டணு என்று எண்ணி அது கணக்கை ஏற்றிக் காட்டும். ட்யூபில் ரத்தம் லேசாக உறைந்திருந்தால் இறக்கிக் காட்டும். ஸ்மியரில் விறகுக்கட்டுபோல ஊசிகள் அடுக்கிய செல்லைத் தேடும் அதே கண் தட்டணுவையும் எண்ணிப் பார்க்காதவரை, கோடு 40,000-இல் இருந்தென்ன, 20,000-இல் இருந்தென்ன?

மரபணுச் சோதனைகள் வந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்பதும் சரியல்ல. ஏபிஎல் அல்லாத அக்யூட் மைலாய்டு லுகேமியாவில், எஃப்எல்டி3-ஐடிடி என்ற மரபணு மாற்றத்தின் அளவை வைத்து 2017 ஐரோப்பிய வகைப்பாடு நோயாளிகளைப் பிரித்தது; 2022 பதிப்பு அந்த அளவைக் கைவிட்டு அவர்களைப் பொதுவாக நடுத்தர ஆபத்தில் சேர்த்தது. அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் மிடோஸ்டாரின் மருந்து வந்தது அதற்கு ஒரு காரணம். மருந்து வேலை செய்த பிறகு அளப்பதே கூடுதலாகச் சொல்கிறது. என்பிஎம்1 மரபணு மாறிய வகையில் இரண்டாவது கீமோ சுற்றுக்குப் பின்னும் ரத்தத்தில் அந்த மரபணுத் தடயம் மிஞ்சியவர்களில் மூன்றாண்டுக்குள் 82% பேருக்கு நோய் திரும்பியது. மிஞ்சாதவர்களில் 30% என்று 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. காலம் கடந்த தகவல் அல்லவா இது என்பார்கள். ஏபிஎல்லில் ஆமாம், அங்கே ஸ்மியரைப் பார்த்த சந்தேகத்திலேயே ஆட்ராவைத் தொடங்கிவிட வேண்டும். என்பிஎம்1 நோயாளிக்கு எலும்புமஜ்ஜை மாற்றுச் சிகிச்சை வேண்டுமா என்ற முடிவு நோய் அடங்கிய பிறகுதான் எடுக்கப்படுகிறது; இரண்டாவது சுற்றின் ரிப்போர்ட் அதற்குள் வந்துவிடும்.