இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பிறக்கும் ஆலயம்

ஆலயத்தின் பழமையைக் கல்லிலும் சுண்ணாம்பிலும் தேடிப் பழகியவர்கள் நாம். அப்பழக்கத்தோடுதான் ஜப்பான் நாட்டின் ஈசே திருத்தலத்திற்கும் சென்றோம். நகோயா நகரிலிருந்து இரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். ஷிண்டோ மதத்தினர் சூரிய தேவியாகப் போற்றும் அமத்தெராசுவின் உள் ஆலயம் இங்குள்ளது. சில கிலோமீட்டர் தொலைவில் வெளி ஆலயம்.

இசுசு ஆற்றின்மீதுள்ள ஊஜி மரப்பாலத்தைக் கடந்து, ஆற்று நீரில் கைகழுவி, நெடிதுயர்ந்த மரங்களினூடே நடந்தோம். கற்படிகளின் உச்சியில் ஒரு வெண்திரை. அதற்கப்பால் பொதுமக்கள் செல்வதில்லை. வேலிகளுக்கு மேலே புல் வேய்ந்த கூரை சற்றே தெரிந்தது, அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்றுகூட எண்ணினோம்.

பக்கத்திலிருந்த வெற்றுமனைதான் அவ்வெண்ணத்தை மாற்றிற்று. கற்கள் பரப்பிய தரை, நடுவே ஒரு சிறு மரக்கூடு, வேறொன்றுமில்லை. முந்தைய ஆலயம் நின்ற இடம் அது. அடுத்த ஆலயம் எழப்போவதும் அங்கேயே! தூண்களை அடிக்கல் இன்றி மண்ணிலேயே நடுவதால் அவை நாளடைவில் உளுத்துப்போகும். ஆகவே இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஹினோக்கி என்னும் மரத்தால், பழைய அளவிலேயே புதிதாகக் கட்டுகின்றனர். கி.பி. 690-இல், ஜித்தோ பேரரசியின் காலத்தில் தொடங்கிய இவ்வழக்கம் 2013-இல் 62-ஆம் முறையாக நிறைவேறியது. இளைஞனாக உளி பிடித்தவன் அடுத்த முறை பொறுப்பேற்பான். அதற்கடுத்த முறை, உயிரோடிருந்தால், கற்றுக்கொடுப்பான்.

இச்சங்கிலி ஒருமுறை அறுந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்களால் 120 ஆண்டுகளுக்கு மேல் புதுப்பிப்பு நின்றுபோயிற்று. அதனை மீட்டவர்கள் யார் தெரியுமா? புத்த சமயப் பெண்துறவியர்! ஊர் ஊராக நிதி திரட்டி, செய்ஜுன் என்பவர் 1563-இல் வெளி ஆலயத்தையும், அவர் வழிவந்த ஷூயோ 1585-இல் இரு ஆலயங்களையும் எழச்செய்தனர். பழைய வழக்கப்படி புத்த துறவியர் தொலைவில் நின்றே வணங்க வேண்டிய தலம் இது. தாம் நெருங்க இயலாத ஆலயத்திற்காக அவர்கள் கையேந்தினர். கூரை மாற்றவே ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டிய பங்கு மக்கள் அப்பாட்டினை அறிவர்.

போரில் தோற்ற ஜப்பானில் 1949-ஆம் ஆண்டுப் புதுப்பிப்பும் தள்ளிப்போனது. எனினும் அவ்வாண்டே மக்கள் பாலத்தையாவது புதுப்பித்தனர். ஆலயம் 1953-இல் எழுந்தது. பாலம் இன்றும் நான்கு ஆண்டுகள் முந்திக்கொள்கிறது.

மரத்திற்கு எங்கே போவது? 200 ஆண்டுத் திட்டமாக 1923-இல் இங்கேயே ஹினோக்கிக் காடு வளர்க்கத் தொடங்கினர். 2013-இல் தேவைப்பட்ட மரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதிலிருந்தே கிடைத்தது.

திரும்புகையில் பாலத்தின் உட்புற மரவாயிலருகே நின்றோம். பழைய உள் ஆலயத்தின் முகட்டைத் தாங்கிய தூண்கள் அவை. இருபது ஆண்டுகள் இங்கு நின்றபின் வேறோர் ஊரின் வாயிலாகச் செல்லும். கையால் தொட்டுப் பார்த்தோம். மரம் வழவழப்பாக இருந்தது.