கொடிவழி அற்ற கோமகன்

சௌந்தரராஜப் பெருமாள் கோயில் மணி ஓய்ந்தது. அய்யலூர்ப் பக்கமிருந்து இரைந்து வந்த விரைவு வண்டி வடமதுரையில் நில்லாமல் தாமரைப்பாடி நோக்கி மறைந்தது. வண்டி போன பின்னும் தண்டவாளம் சற்றுநேரம் முனகும். அம்முனகலைக் கேட்டபடி, கடலுக்கப்பால் ஊட்டன் சிற்றூர் மண்ணில் உறங்கும் உன்னை நினைத்தேன், கோமகனே.

கையறுநிலை பாடுவோர் உண்ட சோற்றை நினைந்து பாடுவர். உன் சோறு உண்டவன் அல்லன் நான். ஆயினும் பசித்த இந்நாட்டை ஒருகாலம் ஆண்டவன் நீ. அழுவதற்கும் நோவதற்கும் அந்த உறவு போதும்.

பக்கிங்ஹாம் சாண்டோஸ் கோமரபின் மூன்றாமவனாய் 1823-இல் பிறந்தாய். ரிச்சர்ட் என்பது உன் பெயர். அதன்பின் அடுக்கிய குலப்பெயர்களைச் சொல்லி முடிக்க ஒரு மூச்சுப் போதாது. உன் குலத்தின் ஸ்டோ மாளிகையில் என்னதான் இல்லை? எல்லாம் இருந்தன, கூடவே கடனும் இருந்தது. உன் தந்தை வாரி இறைத்த கை. 1845-இல் விக்டோரியா அரசியை அழைத்து விருந்து படைத்த கூடத்தில், மூன்றே ஆண்டில் ஏலக்காரன் குரல் எழுந்தது. 40 நாள் நடந்தது அந்த ஏலம். ஓவியம் போயிற்று, சிலை போயிற்று, பீங்கான் போயிற்று, நிலவறை மதுவும் போயிற்று. உனக்கு அப்போது வயது 24. கடனுக்குக் கதவு கழற்றப்பட்ட வீட்டை எங்கள் கரட்டுக் காட்டிலும் கண்டிருக்கிறோம். அந்த வாசலில் நிற்கும் மகனின் முகத்துக்கு ஊர் ஏது, குலம் ஏது?

ஓட்டாண்டியான தந்தை 1861-இல் லண்டன் பாடிங்டன் ரயிலடியை ஒட்டிய விடுதியொன்றில் உயிர்விட்டார். நீயோ அதற்கு முன்பே ரயிலுக்கு ஊழியனாகியிருந்தாய். 1853 முதல் லண்டன் வடமேற்கு ரயில் கம்பெனியின் தலைவன், பின்னர் அமைச்சன். தந்தை சிதைத்ததை மகன் காசு காசாய்ச் சேர்த்த அந்த ஆண்டுகளே உன் வாழ்வில் நான் வியப்பவை.

1874-இல் மனைவி கரோலின் மறைந்தாள். மறு ஆண்டு, தாயற்ற பெண்மக்கள் மூவரோடு சென்னைக்கு ஆளுநனாய் வந்து இறங்கினாய். திருச்சியிலிருந்து இந்தச் சமவெளி வழியே மதுரைக்கு இருப்புப்பாதை திறந்ததும் அந்த 1875-இல்தான்.

பாதை வந்தது, மழை வரவில்லை. தாது வருஷம் பிறந்தது. மானாவாரிச் சோளம் முளையிலேயே கருகிற்று. விலை ஏறிற்று, தாலி விலைபோயிற்று, ஆடுமாடு எலும்பாயின. மதுரைச் சீமையார் இலங்கைத் தோட்டங்களுக்கு நடந்தனர். நடக்கவும் மாட்டாதவர் வழியிலேயே வீழ்ந்தனர். நீ என் செய்தாய், கோமகனே? 30,000 டன் தானியத்தை ஓசைப்படாமல் வாங்கச் சொன்னாய். வணிகத்தில் தலையிட்டாய் என்று மேலிடம் உன்னைக் கடிந்தது. அது உன் புகழ். அதே பனிக்காலத்தில் அரசியைப் பேரரசியாக்கும் டெல்லித் தர்பாருக்கும் போனாய். அது உன் பழி. மேலிடம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து நிவாரணக் கூலியை ஒரு பவுண்டுத் தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தபோது உன் அரசு தலையசைத்தது. நாளெல்லாம் மண் சுமந்தவனுக்கு அரைக்கிலோவும் தேறாத தானியம்! உன் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாது வாதாடிய பின்னரே கூலி கொஞ்சம் ஏறிற்று. 1877 ஆகஸ்டில் நீ லண்டனுக்கு விடுத்த முறையீட்டால் 6 லட்சம் பவுண்டுக்கு மேல் திரண்டது. அதற்குள் எத்தனை அடுப்பு அவிந்துவிட்டது! தென்னாடெங்கும் மாண்டவர் 50 லட்சத்துக்கும் மேல் என எண்ணுவோர் உண்டு. ஏலம்போன மாளிகையின் பீங்கானுக்குக்கூடப் பட்டியல் உண்டு. இவர்களுக்கு இல்லை.

1889 மார்ச்சில் நீ மாண்டாய். ஆண் மகவு இல்லை. கோமகன் பட்டம் உன்னோடு அற்றது. மூன்று பெண் பெற்றவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமே என்றிருந்தேன். பிரபுக்களின் சட்டமும் அதைத்தான் செய்தது. ஸ்டோ மூத்தவள் மேரிக்குச் சேர்ந்தது. அவள் தலைமகனை 1914-இன் போர் தின்றது. 1921-இல் மாளிகையும் விலைபோயிற்று. இன்று அங்கே பள்ளிக்கூடம்.

உன் பெயர் சென்னையில் மிஞ்சியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கப் பஞ்சத்துக் கூலிகள் தோண்டிய 8 கிலோமீட்டரும் சேர்ந்த பக்கிங்ஹாம் கால்வாய், சாக்கடை சுமந்து கிடக்கிறது. அதன் நடுவே தூண் ஊன்றிப் பறக்கும் ரயில் ஓடுகிறது. ரயிலுக்கு உழைத்தவனே, உன் நீரின்மீதே அது ஏறி நிற்பதைக் காண நீ இல்லை.

வடமதுரையில் உன்னை அறிந்தார் எவருமில்லை. ரயிலடித் தெருவில் ஒரு திண்ணை. பள்ளி விட்டு வந்த பேரன் தட்டில் கைவைத்து அள்ளி அள்ளி உண்கிறான். “மெதுவாத் தின்னுடா, பஞ்சத்துல அடிபட்டவனாட்டம்” என்று வைகிறாள் கிழவி. எந்தப் பஞ்சம் என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வைத வாய் மூடுமுன் இன்னொரு கரண்டி சோறு தட்டில் விழுகிறது.